கட்டில் விரிப்பின் முன்னால்

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய மாலியின் பமாகோ நகரில் 1948இல் செய்டு கெய்ட்டா புகைப்பட ஸ்டுடியோ திறந்தார். சிறுவயதில் உறவினர் ஒருவர் செனகலிலிருந்து வாங்கிவந்த கோடாக் பிரவுனி கேமராவில் கை பழகியவர். பெரும்பாலும் வெயில் வெளிச்சத்தில்தான் எடுப்பார். ஆளுக்கு ஒரே படம். பிலிம் விலை அப்படி.

முதலில் பின்திரையாகத் தொங்கியது அவருடைய கட்டில் விரிப்புதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துணி மாறும். தேதி குறிக்காத படங்களின் காலத்தைப் பிற்பாடு காட்டிக்கொடுத்தது அந்தத் துணியே.

கோட்டு, கைக்கடிகாரம், ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் ஸ்டுடியோவில் இரவலுக்குக் கிடைத்தன. வந்தவர்கள் அவற்றைக் கொண்டு தங்கள் கதையைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். இரவல் என்பதால் அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. உலகம் அறிந்த ஒரு படத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்த இளைஞர் நிற்கிறார்: தடித்த பிரேம் கண்ணாடி, கோட்டுப் பையில் பேனா, விரல்களில் ஒற்றைப் பூ. பேனாவின் பொருள் எளிது, படித்தவர் என்கிறது. பூ யாருக்கானது என்பதைப் பார்ப்பவர்தான் ஊகிக்க வேண்டும்.

1960இல் மாலி விடுதலை பெற்றது. சில ஆண்டுகளில் கெய்ட்டா அரசுப் புகைப்படக்காரராகி ஸ்டுடியோவை மூடினார். நெகட்டிவ்களைப் பத்திரமாக வைத்திருந்தார். 1994இல் அவை பாரிஸில் தனிக் கண்காட்சியாயின. கெய்ட்டா 2001இல் காலமானார்.