தோஃபார் மலைக்குப் பின்னால் ஒரு மருந்து மரம்

ஓமானின் தோஃபார் பகுதியில் உள்ள சலாலா நகரின் ஹஃபா சந்தையில் குந்துருக்கத்துக்கு நிறம் பார்த்தே விலை சொல்கிறார்கள். இளம்பச்சை கலந்த வெள்ளையில், வெளிச்சத்தை உள்ளே விடும் ஹோஜரிக்கு உச்ச விலை. பழுப்பேறிய ஷாபி கடைசி வரிசை. அரபிகள் லுபான் என்று அழைக்கும் இந்தப் பிசினை ஓமானியர்கள் புகைப்பதோடு நிற்பதில்லை. நல்ல ரகமாகப் பார்த்து இரவில் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்த நீரைக் குடிக்கிறார்கள்.

மரத்தின் தாவரவியல் பெயர் பாஸ்வெல்லியா சேக்ரா. 1867இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மருந்தாளுநர் ஃப்ரீட்ரிஷ் ஃப்ளூக்கிகர். 1844-46இல் பலினூரஸ் என்ற அளவைக் கப்பலில் வந்த மருத்துவர் ஹென்றி ஜான் கார்ட்டர், தோஃபார் கரையில் இம்மரத்தைக் கண்டு எழுதியிருந்தார். மருந்துக்கடை நடத்தி, பின்னாளில் ஸ்ட்ராஸ்பர்க்கில் பேராசிரியரான ஃப்ளூக்கிகர், டேனியல் ஹான்பரி என்ற இன்னொரு மருந்தாளுநரோடு சேர்ந்து 1874இல் 'ஃபார்மகோகிராஃபியா' நூலை வெளியிட்டார். ஒவ்வொரு சரக்கும் எந்தச் செடியிலிருந்து வருகிறது, யார் எப்படிச் சேகரிக்கிறார்கள், எதைக் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்று விடாமல் துருவிய நூல் அது. மருந்தின் தரம் மரத்தடியிலேயே முடிவாகிவிடுகிறது என்பதை உணர்ந்தவர்களின் உழைப்பு. தோஃபாரில் இன்று நடக்கும் வேலையை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

ஜூன் கடைசியில் தொடங்கும் கரீஃப் பருவத்தில் சலாலாவின் கடலோர மலைமுகம் சாரலில் பச்சை போர்த்திவிடும். குந்துருக்க மரத்துக்கு அந்த ஈரம் ஆகாது. மலையைத் தாண்டி, மழை எட்டாமல் குளிர்ந்த காற்று மட்டும் வந்து தொடும் வறண்ட நஜ்து பகுதிதான் அதன் இடம். ஏப்ரல் வாக்கில் 'மின்காஃப்' என்ற சிறு சீவுளியோடு ஆட்கள் இறங்குகிறார்கள். வெட்டு ஆழமாகப் போகக் கூடாது. பட்டையை மெல்லச் சீவினால் போதும். பால் துளிர்த்து, வடிந்து, காற்றில் இறுகும். முதல் சீவலில் வருவது மட்டம். இரண்டு வாரம் விட்டு அதே இடத்தை மறுபடி சீவ வேண்டும். அடுத்தடுத்த சீவல்களில்தான் தெளிந்த பிசின் வரும். காயத்தை மூட மரம் சுரக்கும் பொருள் இது. ஆகவே எத்தனை காயம், எவ்வளவு ஓய்வு என்ற கணக்கு பிசகினால் மரமே நொடிந்துபோகும்.

நொடிந்தும் போயிருக்கிறது. எரித்திரியாவில் இதன் உறவு மரமான பாஸ்வெல்லியா பாபிரிஃபெராவை ஆராய்ந்தபோது, சீவாத மரங்களின் விதைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் முளைத்தன. கடுமையாகச் சீவப்பட்டவற்றில் முளைத்தது வெறும் 16 சதவீதம். அந்த மரத்தின் பிசின் விளைச்சல் இருபதே ஆண்டுகளில் பாதியாகலாம் என்று 2019இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. புதிய கன்றுகள் தலைதூக்குவதே இல்லை என்பதுதான் காரணம்.

இவ்வளவு மெனக்கெட என்ன இருக்கிறது இதில்? பாஸ்வெல்லிக் அமிலங்கள். அழற்சியைத் தூண்டும் 5-லிப்பாக்சிஜினேஸ் நொதியை இவை தடுக்கின்றன. நம் நாட்டு மருந்துக் கடையில் பறங்கிச் சாம்பிராணி என்று கிடைக்கும் பாஸ்வெல்லியா செராட்டாவின் சாற்றை முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 30 பேரிடம் நாக்பூரில் சோதித்தார்கள். வலி குறைந்ததாக 2003இல் அறிக்கை வந்தது. சிறிய சோதனைதான், ஆனாலும் நம்பிக்கை தருவது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆவியில் வடித்த குந்துருக்க எண்ணெயில் இந்த அமிலங்கள் கிடையாது, அவை ஆவியோடு ஏறாத அளவுக்குக் கனமானவை. புற்றுநோயே தீரும் என்று எண்ணெய்க் குப்பியை நீட்டுபவரிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

சலாலாவுக்கு வடக்கே வாடி தவ்கா பள்ளத்தாக்கு, 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இயற்கையாக நிற்கும் மரங்களோடு, நட்டு வளர்த்த கன்றுகளும் அங்கே உண்டு. கன்று சீவலுக்குத் தயாராக எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். காயம்பட்ட மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று நிஸ்வா பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள். தோட்டத்து மரத்தின் பிசினில் காட்டு மரத்தின் பிசினுக்கு இணையான அமில அளவு இருக்கிறதா என்பதை ரகவாரியாக, சீவல்வாரியாக அளக்க வேண்டும். மருந்தாளுநர் செய்யக்கூடிய வேலை அது.

நம் மருந்தியல் கல்லூரிகளிலும் மூலிகைத் தோட்டங்கள் இருக்கின்றன. துளசியும் கற்றாழையும் வளரும் அந்த இடத்தில் செராட்டா கன்றுகளையும் வைத்து, வளர்க்கும் முறையை மாணவர்களுக்குக் கையில் பழக்கலாம். அவர்கள் வேலைக்குப் போய் நிமிரும்போது மரமும் பிசின் தரத் தொடங்கியிருக்கும்.