வரைபடம் ஏன் தயங்குகிறது?

கணினியின் துணைகொண்டு வரைபடம் தீட்டுவோர் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. ஒரு கோட்டை நகர்த்த முயன்றால், அது சில நொடிகள் கழித்தே நகர்கிறது. உடனே, "பொறி பழையதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும்" என்று கூறிவிடுகிறோம். இது விசாரணையின்றி வழங்கும் தீர்ப்பேயாகும்.

பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் இத்தகைய குறையுடன் என்னிடம் வந்தார். ஆட்டோகேடில் அவர் வரைந்திருந்த மனைப்படம் திறப்பதற்கே 4 நிமிடம் ஆயிற்று. புதிய கணினிக்காக அவர் தந்தையார் கடன் வாங்கவும் ஆயத்தமாகிவிட்டார். "தம்பி, கடன் வாங்குமுன் எனக்கு ஒரு மணி நேரம் கொடு" என்றேன்.

முதலில், அதே கணினியில் வெற்றுப்படம் ஒன்றைத் திறந்து வரையச் சொன்னேன். தயக்கம் சிறிதும் இல்லை. ஆகவே, குறை பொறியில் அன்று, படத்தில்தான் என்பது ஏறக்குறையப் புலனாயிற்று. வெற்றுப்படமும் தயங்கியிருந்தால், திரைக்காட்சி அட்டையின் டிரைவரையும் நினைவகத்தையும் சோதித்திருப்போம்.

அடுத்து, படம் திறக்கும்பொழுது டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். கணினியின் உழைப்பு நூற்றுக்கு 12.5 என்ற அளவிலேயே நின்றது. "ஐயா, கணினி சோம்பியன்றோ இருக்கிறது!" என்றார் மாணவர். சோம்பல் அன்று. அக்கணினியில் கோர் எனப்படும் கணிக்கும் பகுதிகள் 8 இருந்தன. நூறை எட்டால் வகுத்தால் 12.5. அதாவது, ஒன்று முழுமூச்சாக உழைக்க, மற்ற ஏழும் வாளாவிருந்தன. இத்தகைய மென்பொருளின் வேலைகள் பலவற்றில், ஒரு கணக்கு முடிந்த பின்னரே அடுத்ததைத் தொடங்க இயலும். பங்கிட்டுச் செய்ய வழியில்லை. 16 கோர்கள் உள்ள பொறியை வாங்கினாலும் பயன் சிறிதே. கடன் பணம் வீணாகியிருக்கும்! மாறாக, உழைப்பே இல்லாமல் படம் காத்திருந்தால், வலையமைப்பில் எங்கோ காணாமற்போன இணைப்புப் படத்தை அது தேடுகிறதோ என்று ஐயுற வேண்டும்.

பின்னர், படத்தின் நகல் ஒன்றை எடுத்துப் பாதியை அழித்தோம். தயக்கம் தங்கிய பாதியை மீண்டும் பாதியாக்கினோம். பாதி, கால், அரைக்கால் என்று சுருக்கிக்கொண்டே போனால், ஆயிரம் பொருள்களுள் மறைந்திருக்கும் ஒன்றையும் பத்தே படிகளில் பிடித்துவிடலாம். ஒவ்வொரு படியிலும் ஒரே மாற்றம். ஒவ்வொரு முறையும் கடிகாரம் பார்த்துக் குறிப்பு. இதுவே எங்கள் விதி.

குற்றவாளி அகப்பட்டது. நிலஅளவைப் படத்தின் சமவுயரக் கோடுகளை அவர் பன்முறை ஒட்டியிருந்தார். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தமையால் கண்ணுக்கு அவை ஒரே கோடாகத் தோன்றின. கணினியோ ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட்டுக்கொண்டிருந்தது. ஓவர்கில் என்னும் கட்டளை அந்த இரட்டிப்புகளை நீக்கிற்று. பயன்படாத வரையறைகளைப் பர்ஜ் களைந்தது. பிழை ஏதும் எஞ்சியுள்ளதா என்று ஆடிட் ஆராய்ந்தது. படம் 20 நொடியில் திறந்தது. தந்தையார் கடன் வாங்கவில்லை.

கருவியைப் பழிப்பது எளிது. பழிக்குமுன் அளந்து பார்ப்பவனே பொறியாளன்.