தூண் பக்கத்துல மாவு கொட்டுதா? மருந்து வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மாட்டுத்தாவணியில காரைக்குடி பஸ் ஏறி மேலூர், திருப்பத்தூர், குன்றக்குடி தாண்டினா செட்டிநாடு. போன மே லீவுல அப்படித்தான் ஒரு ஃப்ரெண்டோட ஆயா வீட்டுக்குப் போனோம். முற்றத்தைச் சுத்தி ரெண்டு கை சேர்த்துப் பிடிச்சாலும் அடங்காத தேக்குத் தூண்கள். ஒரு தூணுக்குக் கீழ மட்டும் வெள்ளையா மாவு கொட்டிக் கிடந்துச்சு.

பழைய மரம் வாங்குற ஒருத்தர் ஏற்கெனவே வந்து பார்த்துட்டுப் போயிருந்தார். "தூணெல்லாம் உளுத்துப் போச்சு, ரொம்ப நாள் நிக்காது, வந்த விலைக்குக் குடுத்துருங்க"னு சொல்லியிருக்கார். பங்காளிகள் பாதிப் பேர் சரின்னுட்டாங்க. ஆயா எங்ககிட்ட கேட்டாங்க: "எஞ்சினியரிங் படிக்கிறீகளே, நீங்க சொல்லுங்கப்பு. நெசமாவே உளுத்துப் போச்சா?"

நாலு வருஷம் சிவில் படிச்ச எங்களால பதில் சொல்ல முடியல. திரும்பி வந்து படிச்சதைத்தான் இங்க எழுதுறேன். உங்க ஊர்லயும் இப்படி ஒரு வீடு இருக்கலாம்.

மரத்தைத் தின்பது யார்?

"பூச்சி அரிச்சிருச்சு"னு பொதுவா சொல்றோம். ஆனா அரிக்கிறது ஒரே பூச்சி இல்ல. கீழ விழுற தூளைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிச்சிடலாம்.

டால்கம் பவுடர் மாதிரி நைஸா இருந்து, மரத்துல குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருந்தா, அது மரத்தூள் வண்டு. ஓட்டை போட்டு உள்ள போனதா நினைக்காதீங்க, அது வளர்ந்து வெளிய வந்த வழி. தின்னதெல்லாம் உள்ள இருந்த புழு.

கசகசா மாதிரி குருணையா இருந்தா, அது உலர்மரக் கரையான். அதுக்கு மண்ணோட தொடர்பே வேண்டாம், மரத்துக்குள்ளயே குடும்பம் நடத்தும்.

சுவர்ல மண் குழாய் ஏறியிருந்தா, அது நமக்குத் தெரிஞ்ச கரையான், நம்ம பக்கம் "செல்லு". அது வாழ ஈரம் வேணும். அதனால செல்லு ஏறுற இடத்துக்குப் பக்கத்துல எங்கேயோ தண்ணி ஒழுகுதுன்னு அர்த்தம்.

"வைரம் பாஞ்ச கட்டை"

வயசானவங்களைப் பத்தி "வைரம் பாஞ்ச கட்டை"னு சொல்வோம்ல? அது சுத்தமான மெட்டீரியல் சயின்ஸ். மரத்தோட நடுப்பகுதி வைரம், நம்ம நோட்ஸ்ல ஹார்ட்வுட். அதைச் சுத்தி வெளிர் நிறத்துல இருக்கிறது வெளிறு, அதாவது சாப்வுட். மரம் தன் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிற இடம் வெளிறுதான்.

மரத்தூள் வண்டுக்கு வேண்டியது அந்த மாவுச்சத்து மட்டும்தான். மரத்தோட செல்லுலோஸை அதால செரிக்க முடியாது. தாய் வண்டு மரத்தைக் கடிச்சு ருசி பார்த்துட்டுத்தான் முட்டையே போடும். தேக்கு வைரத்துல மாவுச்சத்தும் இல்ல, பூச்சிக்கு ஒத்துக்காத இயற்கை ரசாயனமும் இருக்கு. வெட்டி வருஷம் ஆக ஆக வெளிறுலயும் மாவுச்சத்து குறைஞ்சுகிட்டே போகும்.

செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் நடுவுல இருந்து 1940-கள் வரைக்கும் கட்டினது. பர்மாவுல வியாபாரம் பண்ணின நகரத்தார் அங்கிருந்து தேக்கைக் கப்பல்ல கொண்டு வந்தாங்க. அந்தத் தூண்ல இருக்கிற ஓட்டை பல நேரம் தாத்தா காலத்துலயே வண்டு தின்னுட்டுப் போன பழைய தடம்தான். ஆனா எல்லா வண்டும் இப்படி இல்ல, சில வகை பழைய மரத்தையும் விடாது. அதனால டெஸ்ட் பண்ணியே ஆகணும்.

செலவில்லாத மூணு டெஸ்ட்

ஒண்ணு, உயிர் இருக்கான்னு பாருங்க. தூளைச் சுத்தமா பெருக்கிட்டு, ஓட்டைகள் மேல மெல்லிசா பேப்பர் ஒட்டுங்க. கீழ கறுப்பு சார்ட் விரிங்க. சில வாரம் கழிச்சு பேப்பர்ல புது ஓட்டையோ, சார்ட்ல புதுத் தூளோ இருந்தா பூச்சி உயிரோட இருக்கு. ஒரு கோடை முழுசும் வச்சுப் பார்த்தா இன்னும் உறுதி.

ரெண்டு, ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. வெளிப்பக்கம் மட்டும் பொதபொதன்னு இருந்து உள்ள கெட்டியா நின்னா வைரம் தப்பிச்சிருக்கு.

மூணு, கணக்குப் போடுங்க. 25 செ.மீ. விட்டமுள்ள தூண்ல சுத்தி 1 செ.மீ. போனா, பரப்பு சுமார் 15% குறையும். 20 செ.மீ. ஆழமுள்ள உத்தரத்துல 2 செ.மீ. போனா, அதோட வளைவுத் தாங்குதிறன் 19% குறையும், ஏன்னா அது ஆழத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. தூணை விட உத்தரத்துக்குத்தான் சீக்கிரம் ஆபத்து. உத்தரம் தொய்ஞ்சிருந்தா முதல்ல முட்டுக் குடுத்துட்டு, கன்சர்வேஷன் தெரிஞ்ச எஞ்சினியரைக் கூப்பிடுங்க.

அப்புறம்தான் மருந்து

முதல் மருந்து ஓடு மாத்துறது. உடைஞ்ச ஓடு, அடைச்ச தூம்பு, வருஷக் கணக்கா பூட்டின ஜன்னல், இதையெல்லாம் சரி பண்ணாம எதை அடிச்சாலும் செல்லு திரும்ப வரும். மண்ணுல இருந்து ஏறுற கரையானுக்கு, ஏற்கெனவே கட்டின வீட்டுல என்ன செய்யணும்னு ஐ.எஸ். 6313 மூணாம் பகுதியிலயே இருக்கு.

வண்டுக்கு போராக்ஸ், போரிக் ஆசிட் கலந்த கரைசல் நல்லா வேலை செய்யும். ஆனா பெயின்ட், வார்னிஷ் மேல அடிச்சா உள்ள இறங்காது, சுரண்டிட்டு வெறும் மரத்துல தடவணும். மழையில கரைஞ்சு போயிடும்ங்கிறதால காஞ்சதும் மேல எண்ணெயோ வார்னிஷோ வேணும். சின்ன மரச்சாமானா இருந்தா பாலித்தீன்ல சுத்தி மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைக்கலாம்.

புது மரம் சேர்க்கும்போது ஆசாரிகிட்ட வெளிறு இல்லாத கட்டையா கேளுங்க. பழைய வீட்டுக்கு வண்டைக் கூட்டிட்டு வர்றதே பல நேரம் அந்தப் புதுப் பலகைதான்.

செய்யவே கூடாதது ஒண்ணு இருக்கு. நெல்லு மூட்டைக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள்ள வைக்காதீங்க. அதுல வர்ற வாயு ஆளைக் கொல்லும். புகைமருந்து வேணும்னா லைசென்ஸ் உள்ளவங்கதான் செய்யணும்.

இதுக்கு ஒரு பழைய கதை உண்டு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் கூரையோட ஓக் மரத்தை வண்டு குடைஞ்சப்போ, அதுக்கு மருந்து தேடினவர் ஹரால்டு மேக்ஸ்வெல் லெஃப்ராய். அதுக்கு முன்னாடி பீகார்ல இருக்கிற பூசாவுல, இந்தியாவோட இம்பீரியல் பூச்சியியலாளரா இருந்தவர். ரென்டோகில் கம்பெனி அவர் வேலையில இருந்து வந்ததுதான். அப்பேர்ப்பட்டவரே 1925-ல தன் லேப்ல விஷவாயு ஆராய்ச்சியிலதான் இறந்து போனார்.

ஆயா வீட்டுல என்ன ஆச்சு?

ஆறு வாரம் கழிச்சு ஃப்ரெண்ட் சார்ட் போட்டோ அனுப்பினான். தூண்ல ஒட்டின பேப்பர்ல ஒரு ஓட்டை கூட இல்ல. ஆனா சார்ட்ல மாவு விழுந்திருந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா, தூணுக்கு மேல நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒட்டுப் போட்ட மாமரப் பலகை, நிறைய ஓட்டை. பின்கட்டுச் சுவர்ல செல்லு தனியா ஏறியிருந்துச்சு, நேர் மேல உடைஞ்ச ஓடு.

பலகையைக் கழட்டி எரிச்சாச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஓடும் மாத்தியாச்சு. வீட்டை என்ன பண்றதுன்னு பங்காளிகள் இன்னும் முடிவு பண்ணல, அது அவங்க விஷயம். ஆனா "உளுத்துப் போச்சு"ங்கிற ஒரு வார்த்தைக்காக இனி யாரும் அந்தத் தூணை விலை பேச முடியாது.

செட்டிநாட்டுல இப்படி வித்த தூண்களும் கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகள்ல வரிசையா நிக்குது. உண்மையிலேயே உளுத்த மரத்தை யாரும் காசு குடுத்து வாங்க மாட்டாங்க. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு கறுப்பு சார்ட் எடுத்துட்டுப் போங்க.