கற்பனை நகருக்கு முதற் கோடு

வெள்ளைத் தாளொன்றும் பென்சிலும் கையிற் கிடைத்தால், சிறுவர் பலர் உலகில் எங்கும் இல்லாத நகரமொன்றை வரையத் தொடங்கிவிடுவர். நடுவே ஓர் அரண்மனை, சுற்றிலும் மதில், மூலைக்கொரு கோபுரம். படம் அழகாகத்தான் இருக்கும். ஆயினும், "இந்த நகரத்து மக்கள் தண்ணீருக்கு எங்கே போவார்கள்?" என்று வீட்டில் ஒருவர் கேட்டுவிட்டால், நகரை ஆக்கியவர் திகைத்து நிற்பார். அக்கேள்விக்கு விடை சொல்லும் படமே உயிருள்ள நகரின் படம். அத்தகைய படத்தை வரையக் கற்க விரும்புவோருக்குப் பண்டைச் சுமேரியர் நல்லாசிரியராவர்.

தைகிரிஸ், யூபிரட்டீஸ் என்னும் இரு நதிகள் பாயும் இன்றைய ஈராக்கின் தென்பகுதியே சுமேரியரின் நாடு. அங்கே கல் அரிது. நல்ல மரம் அரிது. மழையோ மிகக் குறைவு. இருந்தவை மண்ணும் நீரும் நாணலுமே. அவற்றைக் கொண்டே ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவர்கள் பெருநகரங்களை எழுப்பினர்.

களிமண்ணில் ஒரு வரைபடம்

நகரப் படம் வரைதல் அந்நாட்டில் மிகப் பழைய கலை. பாரிஸ் நகரின் லூவர் நூதனசாலையில், லகாஷ் நாட்டை ஆண்ட குடேயாவின் கற்சிலை ஒன்று உண்டு. தலையிழந்த அச்சிலையின் மடியில் ஒரு பலகை. பலகையிலே மதில் சூழ்ந்த கட்டடமொன்றின் வரைபடம். அருகே எழுதுகோலும் அளவுகோலும் செதுக்கப்பட்டுள்ளன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆட்சியாளன் ஒருவன், வரைபடத்தை மடியில் ஏந்தியவனாகத் தன்னை உலகுக்குக் காட்ட விரும்பியிருக்கிறான்!

அதனினும் வியப்புக்குரியது நிப்பூர் நகரின் வரைபடம். 1899ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில் இக்களிமண் பலகை கிடைத்தது. இப்பொழுது ஜெர்மனியின் ஜேனா நகரில் உள்ளது. உள்ளங்கைகள் இரண்டில் அடங்கக்கூடிய இப்பலகை, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. சுமேரியர் ஆட்சி மறைந்தபின் வரையப்பட்டதாயினும், அதிலுள்ள பெயர்கள் பெரும்பாலும் சுமேரியச் சொற்களே. என்லில் தெய்வத்தின் ஆலயம், மதில், அகழி, பூங்கா, ஏழு வாயில்கள் ஆகியவை அதிற் காணப்படுகின்றன. அளவுகளும் எண்களாற் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு வாயிலின் பெயர் 'உருக் வாயில்'. இன்னொன்று 'ஊர் நகரை நோக்கிய வாயில்'. வாயிலின் பெயரைக் கேட்டவுடனேயே, அதன்வழி புறப்படும் பயணி எங்கே போகிறான் என்பது விளங்கிவிடுகிறது. நகரின் ஒருபுறம் யூபிரட்டீஸ் ஓடுகிறது. நகரின் ஊடே ஒரு கால்வாய் செல்கிறது.

நதிக்குப் பின்னரே மதில்

ஆகவே, கற்பனை நகரை வரைய முற்படும் மாணவர் முதற்கண் நதியை வரைக. அதிலிருந்து பிரியும் கால்வாய்களை அடுத்து வரைக. கால்வாய்க் கரையிலே பேரீச்சந் தோப்பும், அப்பால் வாற்கோதுமை வயலும் அமையட்டும். பின்னர் படகுத்துறை. ஊர் என்னும் நகரில் - நம் மொழிச் சொல்லைப்போல் ஒலித்தாலும் அது அந்நகரின் சிறப்புப் பெயரே - மதிலுக்குள்ளே இரண்டு துறைமுகங்கள் இருந்தன. அந்நகரின் மதில் சதுரமன்று. ஏறக்குறைய முட்டை வடிவினது. அங்கே மன்னன் ஊர்நம்மு எழுப்பிய படிக்கோபுரத்தின் அடித்தளம் 60 மீற்றருக்கு மேல் நீளமும் 40 மீற்றருக்கு மேல் அகலமும் உடையது.

இத்தனை செங்கற்களுக்கும் மண் எங்கிருந்து வந்தது? ஒரு கோபுரம் உயரும்போது, வேறோரிடத்தில் ஒரு குழி ஆழ்கிறது. உருக் நகரின் பரப்பைக் கூறும் கில்காமேஷ் காவியம், வீடுகளையும் தோப்புகளையும் மட்டுமன்றி மண்ணெடுத்த குழிகளையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் படத்திலும் அக்குழிக்கு இடம் வேண்டும்.

தெருக்களை அளவுகோல் வைத்து இழுக்க வேண்டியதில்லை. 1922 முதல் 1934 வரை ஊர் நகரை அகழ்ந்த லெனார்ட் வூலி, அங்கே வளைந்து நெளிந்த ஒடுங்கிய சந்துகளைக் கண்டார். வருவோர் போவோர்மீதும் பொதிகள்மீதும் இடியாதபடி சில வீட்டு மூலைகள் வட்டமாக மழிக்கப்பட்டிருந்தன. குப்பையைத் தெருவிலேயே கொட்டியதால் ஆண்டுக்காண்டு தெரு உயர்ந்தது. வீட்டாரோ வாசற்படியை உயர்த்திக் கட்டி, உள்ளே இறங்கிச் செல்லப் படிகள் அமைத்தனர். வீடுகள் நடுமுற்றத்தைச் சூழ்ந்து அமைந்தன. இவற்றை வரைந்தால், தாளில் மனிதர் நடமாடத் தொடங்குவர்.

இறுதிக் கோடு

இனி, நகரை ஆக்கியவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கடினமான கேள்வி ஒன்று உண்டு: இந்நகரம் எதனால் அழியும்? சுமேரிய நாட்டை வளர்த்த நீரே அதனை வருத்தவும் செய்தது. வயலிற் பாய்ந்த நீர் வெயிலில் ஆவியாக, உப்பு மண்ணிலே தங்கிற்று. கோதுமை தளர்ந்த நிலத்தில் உப்பைத் தாங்கவல்ல வாற்கோதுமையே விளைந்தது; பின்னர் அதுவும் குன்றிற்று. நதியும் தன் போக்கை மாற்றிக்கொண்டது. ஒருகாலத்தில் படகுகள் வந்தணைந்த ஊர் நகரின் இடிபாடுகள் இன்று நதியை விட்டு வெகுதூரத்தில், வறண்ட வெளியிலே கிடக்கின்றன. மதில் பகைவரைத் தடுக்கலாம். விலகிப் போகும் நதியைத் தடுக்குமா?

ஆதலின், படம் முடிந்தபின் மெல்லிய புள்ளிக்கோடொன்றால், நூறாண்டுகளுக்குப் பின் அந்த நதி எங்கே ஓடும் என்பதையும் குறித்துவையுங்கள். பெற்றோரும் அருகமர்ந்து, "அப்பொழுது இந்த மக்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்கலாம். பிள்ளை புதிய கால்வாயொன்றை வெட்டுவானோ, மக்களை வேறிடத்திற் குடியேற்றுவானோ, நாம் அறியோம். எதைச் செய்யினும், நகரமென்பது மதிலும் கோபுரமும் மட்டுமன்று, அதனைத் தாங்கும் மண்ணும் நீருமே என்பதை அவன் தன் கையாலேயே அறிந்திருப்பான்.