அஞ்சு பேரில் நாலு பேர் பாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு போனில் ஒன்றேகால் மணி நேரம் சண்டை. எங்க ஏரியா டோர்வல். மொன்றியாலின் ட்ரூடோ விமான நிலையம் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற மாதிரிதான். அதனால் ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் சண்டைக்கு இருபது செகண்ட் இடைவேளை. மச்சான் அத்தை பையன், ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ்ல வேலை. கொலம்பஸ்ல இருக்கிறவன் வேற எதைப் பத்திப் பேசுவான்? காலேஜ் ஃபுட்பால்தான்.

ஃபுட்பால்னா நம்மூர் ஃபுட்பால் இல்லை மக்களே. ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் கட்டிப்பிடிச்சிட்டு ஓடுவாங்களே, அது. இதுக்கு ஏன் இந்தப் பேர் என்று இரண்டு வருஷமாக் கேட்டுப் பார்த்து விட்டுவிட்டேன். ஆனா இந்த ஆட்டம் பிறந்ததில் எங்க மொன்றியாலுக்கும் பங்குண்டு. 1874 மே மாதம் மெக்கில் பல்கலைக்கழகப் பசங்க ஹார்வர்டுக்குப் போய் ஆடிய இரண்டு ஆட்டங்கள்தான், ரக்பி பாணி விதிகளை ஹார்வர்டுக்கு அறிமுகப்படுத்தின. மச்சானிடம் இதைச் சொன்னால் மட்டும் லைன் கட்டாகிவிடும் :-)

சண்டை என்னன்னா, அங்கே நாக்-அவுட் சுற்றுக்கு எத்தனை அணிகளை விடலாம் என்பது. மேல்மட்டத்தில் மட்டும் 130க்கும் மேற்பட்ட காலேஜ் அணிகள். ஒவ்வொன்றும் ஆடுவது பன்னிரண்டு பதிமூன்று ஆட்டம். எல்லாரும் எல்லாரோடும் மோத வழியே இல்லை. 1998லிருந்து 2013 வரை இரண்டே அணிகள் நேராக ஃபைனல். 2014 சீசனிலிருந்து நாலு. 2024லிருந்து பன்னிரண்டு. இப்ப அதையும் பதினாறாக்கு, இருபத்துநாலாக்கு என்று பேச்சு. 2026 சீசனுக்கு ஒத்துப்போக முடியாமல் பன்னிரண்டிலேயே விட்டுவிட்டார்கள்.

மச்சான் விரிவாக்கக் கட்சி. காரணம் சுயநலம். 2024 நவம்பர் கடைசியில் அவனோட ஒஹாயோ ஸ்டேட், பரம எதிரி மிச்சிகனிடம் சொந்த மைதானத்தில் 13-10 என்று தோற்றது. பழைய நாலு அணி முறையாக இருந்தால் அதோடு மூட்டை கட்டியிருக்கலாம். பன்னிரண்டு என்பதால் எட்டாவது இடத்தில் உள்ளே வந்து, நாலு ஆட்டமும் ஜெயிச்சு, 2025 ஜனவரியில் நோட்ர டேமை 34-23 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள்.

"பாத்தியா மாப்ள, கதவைத் தொறந்ததாலதான் நல்ல டீம் ஜெயிச்சுது."

"அப்ப மிச்சிகன்கிட்ட தோத்ததுக்கு என்ன அர்த்தம்?"

விமானம்.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை, முப்பது வருஷமா இங்கே இருப்பவர். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவர் காரில்தான் லொயோலா வளாகத்துக்குக் கன்கோர்டியாவின் ஆட்டம் பார்க்கப் போனோம். காபிக் கோப்பையைக் கையில் பிடித்திருப்பது குடிக்க அல்ல, விரல் விறைக்காமல் இருக்க. கியூபெக் பிரிவில் மொத்தம் அஞ்சே அணிகள்: லவால், மொன்றியால், மெக்கில், கன்கோர்டியா, ஷெர்ப்ரூக். அதில் நாலு அணி அரையிறுதிக்குப் போகும் என்று நான் விளக்கியதும் அண்ணை திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு பேரில நாலு பேர் பாஸெண்டால் அது சோதினையே தம்பி?"

மச்சானுக்குச் சொல்ல வேண்டிய பதில் அதிலேயே இருக்கு. இவ்வளவு தாராளமாக் கதவைத் திறந்து வைத்தும் 2010 முதல் 2024 வரை கியூபெக்கின் டன்ஸ்மோர் கோப்பை லவால், மொன்றியால் இரண்டைத் தவிர வேறு யார் கைக்கும் போகவில்லை. நாலாவதாக வரும் அணிக்குக் கிடைப்பது ஒரு சனிக்கிழமை, ஒரு பஸ் பயணம்.

ஆனாலும் இங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கு. நாட்டில் நாலு பிரிவு, நாலு சாம்பியன். அந்த நாலு பேர்தான் தேசிய அரையிறுதி, அப்புறம் வேனியர் கோப்பை. யார் வரணும் என்று யாரும் அறைக்குள் உட்கார்ந்து ஓட்டுப் போடுவதில்லை.

அமெரிக்காவில் போடுகிறார்கள். பதிமூணு பேர் கொண்ட தேர்வுக் குழு. 2023ல் ஃப்ளோரிடா ஸ்டேட் பதிமூணுக்குப் பதிமூணு ஆட்டம் ஜெயிச்சு, தன் பிரிவின் சாம்பியனும் ஆச்சு. முக்கிய ஆட்டக்காரருக்குக் கால் முறிந்திருந்தது. அவர் இல்லாமல் அணி பழைய பலத்தில் இல்லை என்று நாலாவது இடத்தை ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்குக் கொடுத்தார்கள். எல்லாத்தையும் ஜெயிச்சவன் வெளியே நின்றான். பிறகு ஒரு ஒப்புக்கு ஆட்டத்தில், பாதிப் பேர் ஆட வராத நிலையில், ஜார்ஜியாவிடம் 63-3 என்று உதை வாங்கினார்கள். "குழு சொன்னது சரிதானே" என்று அதையே ஆதாரமாக் காட்டும் ஆட்கள் இன்னிக்கும் உண்டு. கல்யாண வீட்டில் சாப்பாடு போடாமல் அனுப்பிவிட்டு, "பசியே இல்லாத முகம்" என்பது போல.

எனக்கு இது கொஞ்சம் சொந்த எரிச்சலும்கூட. காலேஜில் நான் வாலிபால் அணியில் ரிசர்வ். மூணாம் வருஷம் சுற்றுவட்டாரத்தில் ஒரு ஆட்டம்கூட நாங்கள் தோற்கவில்லை. ஆனால் நாலு அணிகளை அழைத்து நடத்தும் ஒரு போட்டிக்குக் கூப்பிட்டது, எங்களிடம் தோற்ற, பேர் தெரிந்த ஒரு காலேஜை. எங்க சீனியர் ஒருத்தன் அன்னிக்கு நெட்டைக் கழற்றி மடிச்சு வைத்தான், யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அதுக்கப்புறம் ஆடவே இல்லை. தோற்றிருந்தால் பேசியிருப்பான்.

ஐபிஎல் ரசிகர்களுக்கு 2010 ஞாபகம் இருக்கும். லீக் முடிவில் சென்னை, பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா நாலும் பதினாலு புள்ளி. நெட் ரன்ரேட்டில் நம்ம சென்னை மூணாவது, பெங்களூரு நாலாவது. மீதி இரண்டு வீட்டுக்கு. கடைசியில் கோப்பை நமக்கு. டெல்லிக்காரன் வயிறு எரிந்திருப்பான். ஆனால் எந்தக் கணக்கில் வெளியே போனோம் என்பது முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு இடத்தில் அஞ்சுதான் பிரிவுச் சாம்பியன்களுக்கு. ஏழு குழுவின் இஷ்டம். பதினாறாக்கினால், அவர்கள் பேசிய கணக்கில் ஒன்றின்படி, குழுவின் இஷ்டம் பதினொன்றாகும். இன்னொரு கணக்கு அதைவிட ஜோர்: இரண்டு பணக்காரப் பிரிவுகளுக்குத் தலா நாலு இடம் முன்கூட்டியே ரிசர்வ். பின்னால் டிவி ஒப்பந்தம் வருஷத்துக்கு ஏறத்தாழ 130 கோடி டாலர். கூடுதல் ஆட்டம் என்றால் கூடுதல் விளம்பரம், கூடவே கூடுதல் முழங்கால் ஆபரேஷன். ஒஹாயோ ஸ்டேட் பசங்க அந்த வருஷம் ஆடியது பதினாறு ஆட்டம். 2025 முதல் காலேஜ்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று ஆகியிருப்பது மட்டும்தான் ஆறுதல்.

ஆக என் கட்சி: எண்ணிக்கை எட்டோ பன்னிரண்டோ, முதலில் அந்த அறையைப் பூட்டுங்கள். சாம்பியன்கள் உள்ளே. மீதி இடத்துக்கு சீசனுக்கு முன்னாடியே அச்சடித்த விதி.

மச்சான் விடுவானா?

"சரி மாப்ள, 2025ல அதே ஃப்ளோரிடா ஸ்டேட்டோட பிரிவுல சாம்பியன் ட்யூக். அஞ்சு ஆட்டம் தோத்தவன். குழு அவனைக் கழட்டிவிட்டு அதே பிரிவுல மயாமியை எடுத்துச்சு. மயாமி பத்தாவதா உள்ள வந்து ஃபைனல் வரைக்கும் போய், இண்டியானாகிட்ட 27-21லதான் தோத்தான். உன் கணக்குப்படி ட்யூக் உள்ள, மயாமி வீட்ல. சரியா?"

சரியென்றுதான் சொன்னேன். தோற்றவனுக்கும் ஜெயிச்ச அன்னிக்கு ஒரு மதிப்பு வேணும் இல்லையா? ஆனால் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நோட்ர டேம்? அவன் எந்தப் பிரிவுலயும் இல்லையே. அவன் எதுக்குடா சாம்பியன் ஆவான்?"

நல்லவேளை, அப்போது ஒரு பெரிய விமானம் வந்தது.