அரச மணமும் தள்ளப்பட்ட மனைவியரும்

திருச்சபை வரலாற்றைப் பயில்வோர் கி.பி. 988ஆம் ஆண்டை எளிதில் மறப்பதில்லை. கீவ் நகரத்து அரசன் விளாதிமீர் திருமுழுக்குப் பெற்றான். பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பாசிலின் தங்கை அன்னாவை மணந்தான். அவன் ஆணைப்படி மக்கள் திரள்திரளாக நீப்பர் ஆற்றில் இறங்கினர். பாடநூல்கள் பெரும்பாலும் இம்மட்டில் நின்றுவிடுகின்றன. அந்த மணத்தின் இருபுறத்திலும் நின்ற பெண்களையே நாம் இங்கு நோக்க விரும்புகிறோம்.

அன்னா பிறந்தது 963ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். ஆளும் பேரரசருக்கு அரண்மனையின் செந்நிற அறையில் பிறந்த மகளை அயல்நாட்டாருக்குக் கொடுப்பது பைசாந்தியருக்குப் பேரிழுக்கு. மேற்குப் பேரரசர் முதலாம் ஓட்டோ தம் மகனுக்கு அத்தகைய இளவரசியைக் கேட்டு 968இல் தூதனுப்பியபோது அவருக்கு ஏளனமும் மறுப்புமே கிடைத்தன. பின் விளாதிமீருக்கு எவ்வாறு இசைந்தனர்? 987இல் படைத்தலைவன் பர்தாஸ் போகாஸ் கலகம் செய்து தன்னைப் பேரரசன் என்று அறிவித்துக்கொண்டான். அரியணை ஆட்டங்கண்ட பாசிலுக்கு விளாதிமீர் அனுப்பிய ஏறத்தாழ 6,000 வீரரே கைகொடுத்தனர். அவ்வுதவிக்கு விலை அன்னா. அன்னாவுக்கு விலை விளாதிமீரின் திருமுழுக்கு. நற்செய்தி பரவிய வழிகளில் இதுவும் ஒன்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

சிறைப்பட்டவளைப்போலச் செல்வதினும் இங்கேயே மடிவது மேல் என்று அன்னா அழுததாகக் கீவின் பழைய நாளாகமம் கூறுகிறது. தமையன்மாரோ, உன்னாலே கடவுள் ஒரு நாட்டை மனந்திரும்பச் செய்வார் என்று சொல்லி அவரைக் கப்பலேற்றினராம். அழுது சென்றவர் வாளா இருந்துவிடவில்லை. அவர் அந்நாட்டில் பல ஆலயங்களைக் கட்டினார் என்று அந்தியோக்கியா நகரத்து யாகியா என்னும் அரபு மொழிக் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளார். 1011இல் அன்னா மறைந்தார்.

மறுபுறத்தில் நின்றவர் பலர். விளாதிமீருக்கு ஏற்கெனவே மனைவியர் பலர். காமக்கிழத்தியர் 800 பேர் என்று கூறி, நாளாகமம் அவனைச் சாலொமோனோடு ஒப்பிடுகிறது. (எண்ணிக்கையைக் காட்டிலும் ஒப்புமையே ஆசிரியரின் நோக்கம் போலும்.) அவர்களுள் ரொக்னேதா என்பவள், தன் தந்தையையும் உடன்பிறந்தாரையும் கொன்ற விளாதிமீராலேயே வலிந்து மணக்கப்பட்டவள், அவனுக்கு மக்களைப் பெற்றுக் கொடுத்தவள். கிறிஸ்தவ மணம் ஒன்று வந்ததும் இவர்கள் அனைவரும் புறம்பாயினர். எஸ்றாவின் நூல் பத்தாம் அதிகாரத்தில் பிள்ளைகளோடு அனுப்பப்பட்ட மனைவியரைப்போல, இவர்களைப் பற்றியும் திருச்சபை அதிகம் பேசுவதில்லை.

நம் நாட்டில் இவ்வாறு புறம்பாக்கப்பட்ட ஒருத்தி பேசினாள். மறவர் சீமையில் அரச குடியினரான தடியத்தேவர், நோய் நீங்கி நற்செய்தியில் பற்றுக்கொண்டு, இயேசு சபைக் குருவாகிய அருளானந்தரிடம் 1693ஆம் ஆண்டு சனவரியில் திருமுழுக்குப் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் இளையவள், கிழவன் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். அவள் சேதுபதியிடம் முறையிட்டாள். சில நாள்களில் அருளானந்தர் பிடிபட்டார். பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். இரத்தசாட்சியின் உறுதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அப்பெண்ணை ஏரோதியாளின் வரிசையில் நிறுத்திவிடும் பிரசங்கங்களை நம்மால் ஏற்க இயலவில்லை. ஏரோதியாள் தன் முறைகேடான மணத்தைக் காத்துக்கொள்ளப் பகைத்தாள். இவளோ தன் குல வழக்கப்படி முறையாக மணந்தவள், தான் செய்யாத குற்றத்திற்காகத் தன் இடத்தை இழந்தவள்.

ஆங்கிலிக்கன் பேராயர்களின் லாம்பெத் மாநாடு 1888இல், பல மனைவியர் உள்ளவனுக்குத் திருமுழுக்கு இல்லை என்றும், அவன் மனைவியருக்கோ சில நிலைகளில் கொடுக்கலாம் என்றும் தீர்மானித்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 1988இல், ஆப்பிரிக்கச் சபைகளின் அனுபவத்தைக் கேட்டபின் அதே மாநாடு வேறுவிதமாகக் கூறியது. இனி மணம் செய்வதில்லை என்று அவன் வாக்களிக்க வேண்டும். உள்ளூர்ச் சபை இசைய வேண்டும். மனைவியர் சமூகத்தில் அல்லலுறுவர் ஆதலால் எவரையும் தள்ளிவிடும்படி அவனைக் கட்டாயப்படுத்தலாகாது.

இது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. தருமபுரி மாவட்டத்து இண்டூர் போன்றதோர் ஊரில் ஊழியம் செய்யும் போதகரிடம், இரு மனைவியரோடு வாழும் ஒருவர் திருமுழுக்குக் கேட்டு வரக்கூடும். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி அவருடைய இரண்டாம் மணம் செல்லாது; அதன் 16ஆம் பிரிவு பிள்ளைகளுக்கு முறைமையளிக்கிறதேயன்றித் தாய்க்கு மனைவி என்னும் நிலையை அளிப்பதில்லை. ஆகவே போதகர் "அவளை அனுப்பிவிட்டு வாரும்" என்று சொல்லும் முன்னர்க் கேட்டறிய வேண்டியவை சில உண்டு: அவள் குடியிருக்கும் வீடு யார் பெயரில் உள்ளது, பிறந்தகத்தில் அவளை ஏற்பார் உண்டா, பிள்ளைகள் யாரிடம் வளர்வர், அவளும் நற்செய்தியைக் கேட்டிருக்கிறாளா, கேட்டிருந்தால் அவள் விரும்புவது என்ன.