புற்றுநோய் மருத்துவராக 11½ ஆண்டுகள்: இட ஒதுக்கீடு எந்தப் படியில் நின்றுவிடுகிறது?

மெல்லும் புகையிலை குறித்த ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஊர் வேடசந்தூர். மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை நிலையம் நெடுங்காலம் இங்கு இயங்கிவந்துள்ளது. அதே மெல்லும் புகையிலை வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்துள்ளது. இவ்வூரின் தலித் குடியிருப்பிலிருந்து ஒரு மாணவி புற்றுநோய் மருத்துவராக விரும்பினால், அவர் ஏறவேண்டிய படிகள் எவை? இட ஒதுக்கீடு அவருடன் எதுவரை வரும்?

முதற்படி எம்.பி.பி.எஸ். பயிற்சிக்காலம் உட்பட 5½ ஆண்டுகள். மாநில இடங்களில் 69 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதனுள் அருந்ததியருக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 விழுக்காடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு.

அதன்பின் பாதை மூன்றாகப் பிரிகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு 3 ஆண்டு எம்.டி. போதும். இது முதுநிலைப் படிப்பு என்பதால் இங்கும் ஒதுக்கீடு தொடர்கிறது. மருந்துவழிச் சிகிச்சைக்குப் பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் அல்லது கதிர்வீச்சுச் சிகிச்சையில் எம்.டி. முடித்து, மேலும் 3 ஆண்டுகள் டி.எம். பயில வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு எம்.எஸ். முடித்து 3 ஆண்டுகள் எம்.சிஎச். பயில வேண்டும். ஆக மொத்தம் 11½ ஆண்டுகள். இந்த இறுதிப் படியில்தான் ஒதுக்கீடு நின்றுவிடுகிறது.

உயர்சிறப்புப் படிப்புகளில் இட ஒதுக்கீடு உகந்ததன்று என்று 1992இல் மண்டல் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. 1999இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை வலியுறுத்தியது. தகுதி குறையும் என்பதே வாதம். ஆனால் டி.எம். வாயிலில் நிற்கும் ஒவ்வொருவரும் முதுநிலைத் தேர்வில் வென்ற மருத்துவரே. அண்மை ஆண்டுகளில் உயர்சிறப்பு இடங்கள் நிரம்பாதபோது, நுழைவுத்தேர்வின் தகுதி மதிப்பெண் வரம்பே தளர்த்தப்பட்டது. காலி இடத்தை நிரப்ப வளைந்துகொடுக்கும் 'தகுதி', சமூக நீதி என்றதும் ஏன் இறுகிக்கொள்கிறது?

தமிழ்நாடு ஒரு சாளரத்தைத் திறந்துள்ளது. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு உயர்சிறப்பு இடங்களில் 50 விழுக்காடு ஒதுக்கும் ஆணை 2020இல் வந்தது. அதனைச் செயல்படுத்த 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இசைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் தலித் மருத்துவருக்கு இது பயன்படும். எனினும் இது பணிக்கான உரிமையே தவிர, சமூகப் பிரதிநிதித்துவத்திற்கான உரிமையன்று.

இந்தியாவின் முதல் புற்றுநோய் உயர்சிறப்புப் படிப்புகள் 1984இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் தொடங்கின. நாற்பது ஆண்டுகளில் அவற்றைப் பயின்றவர்களில் தலித்துகள் எத்தனை பேர்? நாடெங்குமுள்ள கல்லூரிகளிடம் சமூகவாரியான கணக்கைக் கேட்டுப் பெறுவதே நம் முதற்பணி. அந்தக் கணக்கு இல்லாமல் 'தகுதி' பற்றிய விவாதம் நேர்மையாகத் தொடங்கவே இயலாது.